இரண்டாவது கியர்

பழைய மோட்டார்சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டுகிற காரியத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நம் வட்டத்தில் இது ஒரு பொழுதுபோக்கு. ஸ்டாம்பு சேர்ப்பது, நாய் வளர்ப்பது மாதிரி. 'எழுதுகிறவன் கையில் ஏன் இவ்வளவு கிரீஸ்?' என்று ஒரு நண்பர் கேட்டார். இன்னொருவர், தன் நல்ல குணத்தினால், 'பழமையின் மேல் உள்ள பிரேமை' என்று எனக்காக அவரே பதில் சொல்லி என்னைக் காப்பாற்றினார். அது சரிதான் என்று அப்போது எனக்கும் பட்டது. பிறகு ஒரு கியர் அதைப் பொய்யாக்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் இது.

வண்டி அப்பாவுடையது. 350 சி.சி. புல்லட். 1981-ல் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டம் தென்னார்க்காடு என்றிருக்கிறது. 1993-ல் நாங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். 2019-ல் கள்ளக்குறிச்சியே ஒரு மாவட்டம் ஆயிற்று. வீடு அதே தெருவில்தான் இருக்கிறது. 1980களின் கடைசியில் அப்பா ஒரு டெம்போ வாங்கியதும் புல்லட் மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று. மாடுகள் போன பிறகும் அது அங்கேயே நின்றது. அப்பா காலமாகி நாலாவது வருஷம், ஸீட்டுக்கடியில் முட்டையிட்டிருந்த கோழியை விரட்டிவிட்டு வண்டியை வெளியே தள்ளினேன். சக்கரம் சுற்றவில்லை. தரையில் இழுபட்டுக்கொண்டுதான் வந்தது.

புல்லட்டுக்கு பக்தர்கள் நிறைய. எனக்கு அந்த பக்தி கிடையாது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த கம்பெனியும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். நம் ராணுவத்துக்கு வண்டி வேண்டியிருந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. அசல் மறைந்த பிறகு நகல் மட்டும், அதே 70 மில்லிமீட்டர் போர், அதே 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதே வார்ப்பிரும்பு சிலிண்டருடன், இன்னும் முப்பது வருஷங்களுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. இதை விசுவாசம் என்பதா, சோம்பல் என்பதா என்று யோசித்ததுண்டு. ஆனால் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அந்தச் சோம்பலால் ஒரு லாபம் உண்டு. எஞ்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. எஞ்ஜினுக்குப் பின்னால் ஒரு பெட்டியாக அது போல்ட்டில் நிற்கிறது. 2008-ஐ ஒட்டி இரண்டும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புது எஞ்ஜின் வந்தது. அதில் ஒன்றின் அந்தரங்கத்தை அறிய இன்னொன்றையும் கலைக்க வேண்டும். பழையதில் அப்படியில்லை. ஒரு சமயத்தில் ஒரு சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பாய். முன்பு பட்டறை வைத்திருந்தவர். இப்போது கண் மங்கி, பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறார். சாயங்காலங்களில் வந்து தாழ்வாரத்து நாற்காலியில் உட்காருவார். நான் மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுப்பேன். அவர் விரலால் பார்ப்பார். சிலிண்டரின் உள்ளே நடுவிரலை விட்டுச் சுற்றி, 'ஏற்கெனவே நாப்பது போயிருக்கு. இன்னும் அறுபதோட சரி. அதுக்கப்புறம் ஸ்லீவ்தான்' என்றார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் 'தௌ' என்பார்கள். சிலிண்டர் தேயத் தேய இருபது, நாற்பது, அறுபது தௌ என்று கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். தேய்மானத்தை இல்லாமல் செய்ய முடியாது. இன்னும் கொஞ்சம் எடுத்துத்தான் அதைச் சமனாக்க முடியும். அதற்கும் ஒரு எல்லை உண்டு.

என் முதல் தவறு, புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே எச்சரித்திருக்கும் தவறு. பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையத்தை எடுக்கும்போது கிராங்க்கேஸின் வாயைத் துணியால் அடைக்கவில்லை. வளையம் துள்ளி உள்ளே போய்விட்டது. காந்தம் கட்டிய கம்பி, சைக்கிள் ஸ்போக், எல்லாவற்றையும் விட்டுத் துழாவினேன். பாய் ஒருமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, 'கேஸைப் பிரிச்சுடு தம்பி' என்றார். பிரித்தோம். வளையத்தைத் தேடப் போய்த்தான் கிராங்க்கில் கனெக்டிங் ராடைத் தாங்குகிற புஷ் அடியோடு தேய்ந்திருப்பது தெரிந்தது. அதைப் பார்க்காமல் பூட்டியிருந்தால் பத்து மைலில் எஞ்ஜின் இறுகிப்போயிருக்கும். என் அஜாக்கிரதைக்கு நன்றி சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

லேத்துப் பட்டறை, வெல்டிங், சாமான்களுக்காகக் காத்திருத்தல் என்று ஏழு மாதம் ஆயிற்று. வால்வுகளை பேஸ்ட் வைத்து உரசி உட்கார வைத்தேன். டேப்பட்டைச் சரிபார்க்க அளவுத்தகடு வேண்டாம் என்று பாய் சொன்னார்: எஞ்ஜின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு விரலுக்குச் சுற்ற வேண்டும்; மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான். கான்டாக்ட் பாயின்ட் திறக்கும் நொடியைக் கண்டுபிடிக்க நடுவில் ஒரு சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாள் விடுபடுகிற இடம்தான் அந்த நொடி. இந்த மாதிரி விஷயங்களில் கிடைக்கிற சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஒரு சொல் அதன் இடத்தில் போய் உட்காரும்போது ஏற்படுகிற சந்தோஷத்துக்கு இது எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. சொல்லப்போனால் இதில் ஏமாற்ற முடியாது. சரியில்லாத கவிதையை நாலு பேர் பாராட்டிவிடலாம். சரியில்லாத டைமிங் காலில் திருப்பி உதைக்கும்.

எஞ்ஜின் கிளம்பிய அன்று தெருவில் வயசானவர்கள் வாசலுக்கு வந்தார்கள். அந்தச் சத்தம், ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணக்கூடிய அந்த நிதானம், அப்படியே திரும்பியிருந்தது. 'ஒங்கப்பா வர்றாப்பலயே இருக்கு' என்றார் எதிர்வீட்டு அத்தை. ஏதோ சாதித்துவிட்டதாக நான் நினைத்தேன்.

மறுவாரம் மலைக்குப் போனேன். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பக்கத்தில் விட்டு, வளைவுகளில் ஏறி, கரியாலூர் வழியாக வெள்ளிமலை வரை. அப்பா எத்தனையோ நூறு தடவை போன பாதை. அப்போது மண்ணும் கல்லுமாய் இருந்தது, இப்போது தார். ஏறும்போது வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. இறங்கும்போதுதான், ஒரு கொண்டை வளைவுக்குச் சற்று முன், இரண்டாவது கியரிலிருந்து தானாகவே நழுவிக்கொண்டது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், எதிலும் சேராத ஓர் இடத்தில் போய் நின்றது. ஆக்ஸிலேட்டரை மூடியிருந்தேன். எஞ்ஜின் பிடித்துக்கொண்டிருந்த கனம் சட்டென்று கையிலிருந்து போய், வண்டி பாட்டுக்கு இறங்கத் தொடங்கிற்று. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பதற்றத்தில் எந்தக் கால் எதை மிதித்தது என்று எனக்குத் தெரியாது. பாறைப் பக்கத்து ஓடையில் முன்சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். மறுபக்கம் வெறும் காற்று.

இறங்கி உட்கார்ந்து ஒரு தடவை கியரைப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் நழுவியது. மிச்ச தூரத்தை முதல் கியரிலேயே, நடக்கிறவனின் வேகத்தில், இறங்கி வந்தேன்.

கியர்பாக்ஸின் கூட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு, கிளட்சைக் கழற்றி, மூடிகளை எடுத்து, உள்ளேயிருப்பவற்றை மட்டும் உருவிக்கொள்ளலாம். அன்று சாயங்காலமே பழைய செய்தித்தாளை விரித்து நாலு ஜோடி கியர்களையும் வரிசையாக அடுக்கினேன். பழைய கிரீஸ் கறுப்பு மெழுகாக உறைந்திருந்தது. கழுவி, இரண்டாவது கியரைப் பாயிடம் கொடுத்தேன்.

கியரின் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு கன்னங்கள் உண்டு. எஞ்ஜின் வண்டியை இழுக்கும்போது ஒரு கன்னம் அழுந்துகிறது. வண்டி எஞ்ஜினை இழுக்கும்போது, அதாவது இறக்கத்தில் எஞ்ஜினைக்கொண்டு வண்டியைத் தடுத்துப் பிடிக்கும்போது, மறு கன்னம் அழுந்துகிறது. பக்கவாட்டில் ஒரு கியர் இன்னொன்றைக் கவ்விக்கொள்ளும் கொம்புகளுக்கும் இதே கதைதான். சாதாரணமாக இழுக்கிற கன்னம்தான் தேயும். வண்டியின் ஆயுளில் பெரும்பகுதி இழுப்பதுதானே.

பாய் நகத்தைப் பல்லின் மேல் ஓட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். திருப்பிக் கொம்புகளைத் தடவினார். ஒரு பக்கம் விளிம்பு கூர்மையாக இருந்தது. மறுபக்கம் உருண்டு, பளபளவென்று, ஆற்றுக்கல் மாதிரி இருந்தது.

'வண்டி எங்க ஓடினது தம்பி?'

'மலைக்குத்தான் பாய். அப்பா யாவாரத்துக்குப் போயிட்டு வருவாரு.'

'ஏறச்சொல்ல காலி. எறங்கச்சொல்ல லோடு,' என்றார் பாய். 'அதான் பின்கன்னம் போயிருக்கு. நல்லா ஓட்டியிருக்காரு மனுசன். பிரேக்கை நம்பல. ரெண்டாவதுல போட்டு எஞ்ஜின்லயே தாங்கி எறக்கியிருக்காரு.'

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

அப்பா புளி, கடுக்காய் வியாபாரம் செய்தார். மேலே போகும்போது கொஞ்சம் உப்பு, கருவாடு, சோப்பு, பொடி டப்பாக்கள். மூன்றாவது கியரிலேயே ஏறக்கூடிய சுமை. இறங்கும்போது பின்னால் குறுக்காகக் கட்டிய இரண்டு மூட்டைகள். மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிக் கவுண்டர்கள். 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களிடம் இருந்தது. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பேச்சு வரும்போது அப்பா, 'ஜாகீர் போனா என்ன, உப்பு வேண்டாமா?' என்பார். வேண்டியிருந்தது. உப்புக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அவர் முன்பணம் கொடுத்தார். புளியமரத்தைப் பூவிலேயே பேசி முடித்துவிடுவார். காய் பிடித்து, பழுத்து, அடிக்கும்போது அது ஏற்கெனவே அவருடையதாக இருக்கும். அன்றைக்கு விலை என்ன என்பது பூவோடு போன பேச்சு. எனக்குப் பத்துப் பதினோரு வயசில் லீவு நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வெள்ளைக்கோலின் கயிற்றைப் பிடிக்கக் கொடுப்பார். கோல் எந்த வரியில் நின்றது என்று உரக்கச் சொல்வது என் வேலை. நான் சொன்னது சரியா என்று எதிரில் நின்றவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் கெட்டவரில்லை. யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. அவருடைய கணக்குப் புத்தகங்கள் எட்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. ஒவ்வொரு பக்கமும் அடியில் நேராகிவிடுகிறது. அந்தக் கணக்கில்தான் நான் படித்தேன். அந்தக் கணக்கில்தான் புத்தகம் வாங்கினேன், பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டினேன்.

கணக்குப் புத்தகம் ஒன்றைச் சொல்ல வந்தது. அதனால் அதற்கு ஒரு நோக்கம் இருந்தது. கியர் எதையும் சொல்ல வரவில்லை. பத்து வருஷங்கள் ஒரே திசையில் ஒரே கனம் அழுந்தியதால் அதில் ஒரு கன்னம் போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு படைப்பில் ஆசிரியன் சொல்ல வந்ததைவிட அவனறியாமல் அழுந்தித் தேய்ந்த இடமே முக்கியம் என்று நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அடுத்தவன் படைப்பை வைத்துக்கொண்டு பேசுவதற்கு அது சௌகரியமான சித்தாந்தம்.

என் சொந்தப் பக்கம் ஒன்றையும் இங்கே எடுத்து வைக்க வேண்டும். இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் கல்வராயன் மலையைப் பற்றி ஆறு கவிதைகள் எழுதினேன். இதைப் போன்ற ஒரு பத்திரிகையில்தான் வந்தன. சிலர் நல்லபடியாகச் சொன்னார்கள். கியரைப் பார்த்த அன்றிரவு அவற்றை எடுத்துப் படித்தேன். பனி இருக்கிறது. மூங்கில் இருக்கிறது. மலைமேல் ஓர் ஆதி மௌனம் இருக்கிறது. மூட்டை இல்லை. கோல் இல்லை. நான் உரக்கச் சொன்ன எடை இல்லை. மௌனம் என்று நான் எழுதியது, என் எதிரில் நின்றவர்கள் ஒன்றும் கேட்காமல் நின்றதைத்தான் என்று இப்போது படுகிறது. கவிதைகள் மோசமில்லை. ஏற்றத்தில் நன்றாகவே போகின்றன.

தேய்ந்த கொம்பில் உலோகம் வைத்துக் கடைந்துவிடலாம் என்று லேத்துக்காரர் சொன்னார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொரு தடவை நழுவினால் ஓடை இந்தப் பக்கம் இருக்கும் என்று என்ன நிச்சயம் என்றார். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் இரண்டாவது கியரை ஜோடியாக வாங்கி வந்தேன். ஒன்றைமட்டும் மாற்றுவதில் பிரயோஜனமில்லை, தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேராது. கியரை நகர்த்துகிற ஃபோர்க்கும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அதையும் மாற்றினேன். பழைய கியர் இப்போது வீட்டில் இல்லை. பழைய இரும்புக்காரனிடம் மற்றவற்றோடு போட்டுவிட்டேன். ஞாபகார்த்தமாக மேஜைமேல் வைத்துக்கொள்ளும் யோசனை வந்தது. தாள்மேல் கனத்துக்கு வைக்க நன்றாகத்தான் இருந்திருக்கும். அதுவும் எனக்கு இன்னொரு லாபம் என்று பட்டதால் விட்டுவிட்டேன்.

2025 மார்ச்சில் மறுபடி போனேன். புளி அடிக்கிற காலம். ஒரு கிராமத்தில் வண்டியை நிறுத்தியதும் திண்ணையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

'மொதலாளி மவனா?'

'ஆமாங்க ஐயா.'

'சத்தத்துலயே தெரிஞ்சுது,' என்று சிரித்தார். 'கீழ வளைவுல இந்தச் சத்தம் கேட்டா எங்கம்மா என்னா பண்ணும் தெரியுமா? வூட்டுக்குன்னு வச்சிருக்கிற நல்ல புளியப் பானையோட தூக்கிகினு போயி பின்னாலப் பொதர்ல வச்சிட்டு வரும். அதுவும் கணக்குல போயிடும்னு.'

விரோதமாகச் சொல்லவில்லை. வேடிக்கையான பழைய சம்பவமாகத்தான் சொன்னார். பேத்தியிடம் காப்பி போடச் சொன்னார். ஏழு மாதம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, விரலால் புஷ்ராடைச் சுற்றிப் பார்த்து, சிகரெட் தாளை இழுத்துப் பார்த்து, துல்லியமாக நான் திரும்பக் கொண்டுவந்த சத்தம் அது. கேட்டவர்கள் பானையை ஒளித்த சத்தம். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. காப்பியைக் குடித்தேன்.

கிளம்பும்போது ஒரு துணிப்பையில் ஒரு கிலோவுக்கு மேல் புளி போட்டுக் கொடுத்தார். பணத்தை எடுத்தேன். 'அட வைங்க,' என்று கையைத் தள்ளிவிட்டார். அது பெருந்தன்மையா, பழைய பழக்கமா, என்னைச் சீக்கிரம் அனுப்பும் உபாயமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஸ்பானர் இல்லை. திண்ணையில் பணத்தை வைத்துவிட்டு வந்திருக்கலாம். பையை வாங்கிக்கொண்டேன்.

இறக்கத்தில் இரண்டாவது கியர் நின்றது. ஒரு வளைவிலும் நழுவவில்லை. எஞ்ஜினின் கனம் கைக்குள்ளேயே இருந்தது.

அடிவாரத்தில் போலீஸ் நிறுத்தியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கருணாபுரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் பிணம் கிடந்தது. அதற்குப் பிறகு மலையிலிருந்து இறங்குகிற வண்டிகளிடம் கேள்வி கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

'மேலேர்ந்து என்ன சார் கொண்டு வர்றீங்க?' என்றார் அந்தக் கான்ஸ்டபிள். சின்ன வயசு. அப்பாவை இந்தப் பாதையில் ஒருவரும் இப்படி நிறுத்திக் கேட்டதில்லை. பையைப் பிரித்துக் காட்டினேன். குனிந்து பார்த்து, ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்தார்.

'நல்ல புளி சார். இப்ப மேல என்ன வெல?'

தெரியாது என்றேன். அவர் நம்பாதது மாதிரி பார்த்துவிட்டு வழி விட்டார். வண்டியைக் கிளப்பினேன். முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பியது.